இருக்கியா கூட்டம்

எங்கள் தெருவில் சவுரியம்மாளைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கேட்டால் அவளே ஒப்புக்கொள்வாள். ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் ஊதினால் காதைப் பொத்திக்கொள்வாள். பாலாற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் ஓடினாலும் இக்கரையிலேயே நின்றுவிடுவாள். கோயிலில் சாமியார் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கையில் வாங்கும்போது, கீழே போட்டுவிடுவாரோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். நாற்பது வயசு தாண்டியும் அந்தக் குணம் மாறவில்லை.

எங்கள் தெருவில் ஒரு கூட்டம் உண்டாகி, இத்தனை வருஷம் கலையாமல் இருப்பதற்கு அவள்தான் காரணம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தைரியசாலிகள் சேர்ந்து கட்டிய சங்கங்களையும் நான் பார்த்திருக்கிறேன். பலகை மாட்டி, மாலை போட்டு, பிரசங்கம் செய்து, தலைவர் யார் என்பதில் மண்டையை உடைத்துக்கொண்டு, அடுத்த வருஷமே பலகையைக் கழற்றி அடுப்பில் வைத்தார்கள். எங்கள் கூட்டத்துக்குப் பலகையும் இல்லை, தலைவரும் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

ஜெர்மனி யுத்தம் முடிகிற சமயத்தில் அந்த ஜுரம் வந்தது. பம்பாய் ஜுரம் என்றார்கள். ரயிலில் வந்தது என்றார்கள், பட்டாளத்துக்காரர்கள் கொண்டுவந்தார்கள் என்றார்கள். காலையில் இருமல், மாலையில் அனல், மறுநாள் மூச்சுத் திணறல். கிழவர்களை விட்டுவிட்டு வாலிபர்களைப் பிடித்தது. சர்க்கார் ஆட்கள் வந்து சாக்கடையில் வெள்ளைப் பொடி தூவினார்கள். ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டு, ஜுரம் கண்டவர்களை அங்கே கொண்டுபோனார்கள். போனவர்களில் பிழைத்து வந்தவர்களும் உண்டு. ஆனால் எங்கள் தெரு வராதவர்களைப் பற்றித்தான் பேசியது. ஆகவே இருமல் வந்தால் துணியை வாயில் அடைத்துக்கொண்டு இருமினோம்.

அப்போதுதான் வேலாயுதம் செத்தான். சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவன், பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், தெருவின் நடுவீட்டில் தனியாக இருந்தான். எப்போது செத்தான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஆள் தேடிக்கொண்டு வந்து கதவைத் தள்ளியபோது அவன் செத்து நாட்களாகியிருந்தன. வேறு ஊராக இருந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் தெருவின் பின்பக்கம் பச்சைத் தோல் குவிக்கிற இடம். பிறந்ததிலிருந்து அந்த நாற்றத்தில் கஞ்சி குடித்து வளர்ந்த மூக்குகள் எங்களுடையவை. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தோல் வண்டி வந்திருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார்கள்.

ஜுரத்தைவிட அந்தச் சாவு எங்களை ஆட்டிவிட்டது. சாவு எல்லோருக்கும் உண்டு. செத்தது தெரியாமல் கிடப்பது என்றால்? அன்று ஆண்கள்கூட வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுத்தார்கள்.

சவுரியம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரி பட்டம்மாள். தனிக்கட்டை, சவுரியம்மாளைவிடப் பத்துப் பதினைந்து வயசு பெரியவள். ஷாப்பில் இரண்டு பேரும் ஒரே உரலில் எதிரும் புதிருமாக நின்று ஆவாரம்பட்டை இடிப்பார்கள். பட்டம்மாளின் வாய்க்கு மேஸ்திரியே ஒதுங்கிப் போவார். மறுநாள் விடிந்ததும் சவுரியம்மாள் நடுச்சுவரைத் தட்டி, "பட்டக்கா, இருக்கியா?" என்று கத்தினாள்.

"செத்தா உனக்குச் சொல்லாமலா சாவேன்? இருக்கேன்டி, போய் அடுப்பப் பத்த வை" என்று பதில் வந்தது.

அதற்கடுத்த நாளும் கத்தினாள். பட்டம்மாள் திட்டிவிட்டு, வேடிக்கையாகத் தன் அடுத்த வீட்டைத் தட்டி, "இருக்கீங்களா, இல்ல இவ சொல்றாப்ல போய்ட்டீங்களா?" என்று கேட்டாள். அங்கிருந்து அடுத்த வீடு. ஒரு வாரத்தில் தெரு முழுவதும் பற்றிக்கொண்டது. அவர்களுக்கு எதிரே, என் வரிசையில் மூலை வீட்டு ஆதிகேசவன், ஷாப்பில் தோல் எண்ணுகிறவன், எதையும் ஒழுங்குபடுத்தாவிட்டால் தூக்கம் வராது அவனுக்கு. அவன்தான் முறை வைத்தான். விடியற்காலை அவன் ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் கூப்பிட வேண்டும். குரல் ஒரு வரிசையில் போய், எங்கள் வரிசையில் திரும்பி, அவன் வீட்டுக்கே வந்து சேர வேண்டும். எந்த வீட்டிலிருந்து பதில் வரவில்லையோ, அந்த வீட்டைக் கூப்பிட்டவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கஞ்சி, தண்ணீர், ஆள் எல்லாம் தெருவின் பொறுப்பு. கொட்டகைக்கு யாரையும் அனுப்புவதில்லை.

இந்தச் செய்தி மேஸ்திரி நிசார் அஹமது காதுக்குப் போயிற்று. சங்கம் என்ற சொல்லுக்கே அவருக்கு வியர்க்கும். ஆதிகேசவனைக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, தெருவுல சங்கம் கட்றீங்களாமே? கூலி ஜாஸ்தி கேக்கவா?"

"இல்லீங்க மேஸ்திரி. காலைல உசுரோட இருக்கோமான்னு கேட்டுக்கறோம், அவ்ளோதான்."

நிசார் அஹமது தாடியைத் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூலை வீட்ல என் காலா தனியா இருக்காங்க. அவங்களயும் சேத்துக்கோ" என்றார்.

அவருடைய சின்னம்மா முனவ்வர் பேகம் அப்படித்தான் கூட்டத்தில் சேர்ந்தார். எங்கள் தெரு முடிந்து சாயபுமார் தெரு தொடங்கும் மூலையில், சவுரியம்மாளுக்கு மறுபக்கத்து வீடு. அந்த அம்மாள் முகத்தைத் தெரு கண்டதில்லை, குரலைக் கேட்டதுமில்லை. ஆதிகேசவன் எதிரில் நின்று "பீபிம்மா, இருக்கீங்களா?" என்றால் உள்ளேயிருந்து பித்தளைச் சொம்பில் கரண்டியால் தட்டுவார். அந்தச் சத்தம்தான் சவுரியம்மாளுக்கு அழைப்பு. அவள் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பட்டம்மாளைக் கூப்பிடுவாள். கேலி பேசுகிறவர்கள் இதற்கு 'இருக்கியா கூட்டம்' என்று பேர் வைத்தார்கள். கேலி செய்தவர்களும் காலையில் குரல் வருகிற வரை கதவருகே காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்போது சவுரியம்மாள் முழுகாமல் இருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, புருஷன் அந்தோணியிடமும் சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிற்று. இரண்டு தடவையும் முதல் மாசமே ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவள் அவள். ஆகவே இந்தத் தடவை நாலு பேர் காதில் விழுந்தால் இதுவும் போய்விடும் என்று நம்பினாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லையாம். அந்த ஜுரமோ வயிற்றுப்பிள்ளைக்காரிகளைத் தேடித் தேடிக் கொன்றது. ஊரின் கஸ்பாப் பக்கத்தில் அப்படி ஒரே வீட்டில் அக்காளும் தங்கையும் போனார்கள். அந்தப் பேச்சு உரலடியில் நடந்தபோது சவுரியம்மாள் உலக்கையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். பயந்தாங்கொள்ளி என்று எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றில் இருப்பதைச் சொல்லியிருந்தால் ஆதிகேசவனே அவளை வரிசையிலிருந்து விலக்கியிருப்பான். சொன்னால் பிள்ளை போகும், சொல்லாவிட்டால் என்றைக்காவது ஜுர வீட்டில் கால் வைக்க வேண்டும். தினம் பட்டம்மாள் பதில் சொல்லுகிற வரைக்கும் நடுச்சுவரில் வைத்த கையை அவள் எடுக்கமாட்டாள்.

ஜுரம் உச்சத்துக்குப் போனதும் ஷாப்பை மூடிவிட்டார்கள். காவேரிப்பாக்கத்தில் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்து அந்தோணி புறப்பட்டுப் போனான். சவுரியம்மாள் தனியானாள். தெருவில் யாரும் வெளியே வருவதில்லை. காலையில் சுற்றி வருகிற அந்தக் குரல் ஒன்றுதான் அடுத்த வீட்டில் மனுஷர் இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். மூன்று வீட்டில் பதில் வராமல் போயிற்று. மூன்று வீட்டிலும் கூப்பிட்டவர்கள் உள்ளே போனார்கள். அதில் இரண்டு பேர் பிழைத்தார்கள். போய்ப் பார்த்தவர்களில் ஒருவன் செத்தான். அதன்பிறகு அடுத்த வீட்டிலிருந்து பதில் வரக் கொஞ்சம் தாமதித்தாலும் எல்லோரும் கதவிடுக்கில் கண்ணை வைத்துவிடுவோம்.

அப்படி ஒரு காலையில் சவுரியம்மாள் கூப்பிட்டாள். "பட்டக்கா, இருக்கியா?"

"இருக்கேன்!" என்று வந்தது. கணீரென்று வந்தது. எதிர் வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் இன்னும் பலமாக. எல்லோருக்கும் திருப்தி, பட்டம்மாளை எமனும் நெருங்க மாட்டான் என்று நானே சொன்னேன். சவுரியம்மாள் மட்டும் நம்பவில்லை. அவள் வாசலில் நின்றபடியே எதிரில் இருந்த ஆதிகேசவனைக் கூப்பிட்டாள்.

"ஆதிண்ணா, பட்டக்காவுக்கு ஏதோ ஆய்ட்சு."

"இன்னா ஆச்சு? இப்பதானே தெருவே அதிர்றாப்ல கத்துச்சு?"

"என்னத் திட்டல."

"இன்னாது?"

"மூணு நாளா என்னத் திட்டல, அண்ணா. வெறும் இருக்கேன்னு மட்டும் சொல்லுது. அது அப்டிச் சொல்ற ஆளே கிடையாது."

ஆதிகேசவன் சிரித்துவிட்டான். "திட்டலன்னு ஒரு பிராதா? நல்லாருக்கும்மா உன் பேஜாரு. பயத்துல உனக்குப் புத்தி கலங்கிப் போச்சு. உள்ள போய்ப் படு."

அவனைக் குறை சொல்வதற்கில்லை. ரயில் ஊதினால் காதைப் பொத்துகிறவள் பேச்சை யார் கேட்பார்கள்? சவுரியம்மாளும் உள்ளே போனாள். படுக்க முடியவில்லை. குரல் வந்துவிட்டது, முறைப்படி அவள் போக வேண்டியதில்லை. போகாமல் இருக்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் பயந்தவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்று எங்கள் தெருவில் அவளைவிட யாருக்குத் தெரியும்? அவளே தினமும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் "இருக்கேன்" என்று பலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறும் நேரத்தில் அவள் வெளியே வந்ததை நான் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பட்டம்மாளின் கதவைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள். திரும்பித் தன் வீட்டு வாசல் வரை போனாள். மறுபடியும் வந்தாள். கடைசியில் விரல் நுனியால் கதவைத் தள்ளினாள்.

பட்டம்மாள் கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். குரல் வெளியே போவதற்காகப் பாயைக் கதவிடுக்கு வரை இழுத்துப் போட்டிருந்தாள். தண்ணீர்க் குடம் காய்ந்து கவிழ்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. சவுரியம்மாளைக் கண்டதும் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"வராத! அங்கியே நில்லு!"

"அக்கா..."

"கொரலு நல்லாத்தானே குடுத்தேன்? எதுக்குடி வந்தே?"

"நீ திட்டவே இல்லியே அக்கா."

பட்டம்மாளுக்குச் சிரிப்பு வந்து அது இருமலாகி, அடங்க நேரமாயிற்று. "அதுக்கெல்லாம் மூச்சு எங்கடி இருக்குது? ஒரு சொல்லுக்கே ராவெல்லாம் சேத்து வெக்கிறேன். போ, வெளிய போ."

"கொட்டாயிக்கு அனுப்பிடுவோம்னு பயந்துட்டியாக்கா? அனுப்ப மாட்டோம், சத்தியமா அனுப்ப மாட்டோம்."

"கொட்டாயும் மண்ணாங்கட்டியும். நான் கம்முனு கெடந்தா முறைப்படி யாரு உள்ள வரணும்? நீதானே? தோல் நாத்தத்துலயே பொறந்தவ, ஆவணியிலேர்ந்து காலைல காலைல செவுத்துக்கு அந்தாண்ட ஓங்கரிக்கிறியே, எனக்குக் காது இல்லன்னு நெனச்சியா? ஒரு அடி உள்ள வெச்சே, காலை ஒடிச்சிருவேன்."

சவுரியம்மாள் உள்ளே போகவில்லை. இதை நான் மறைக்க மாட்டேன். கதை கட்டுகிறவர்கள் அவளை உள்ளே பாயவிட்டு, மடியில் பட்டம்மாளின் தலையை வைத்திருப்பார்கள். அவளால் முடியவில்லை. வாசற்படியில் நின்றபடி தொண்டை கிழியக் கத்தினாள். அப்படி ஒரு கூச்சலை அதற்கு முன்னும் பின்னும் எங்கள் தெரு கேட்டதில்லை. எல்லாக் கதவும் திறந்தது. ஆனால் ஆட்கள் வந்து எட்டத்திலேயே நின்றுவிட்டோம்.

"பட்டக்கா கெடக்குது! யாராவது உள்ள போங்களேன்!"

யாரும் அசையவில்லை. உள்ளே போய் வந்த ஒருவனை முந்தின வாரம்தான் புதைத்திருந்தோம். ஆதிகேசவனே தயங்கித் தயங்கிப் பேசினான். "கூப்புடறவ நீ, சவுரி. முறைன்னா நீதானேம்மா போவணும்?"

அவன் சொன்னது நியாயம்தான், எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட முறை. சவுரியம்மாள் எங்களைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். கண்ணீர் தாரையாக வழிந்தது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முழுவாம இருக்கேன்!" என்று தெருவே கேட்கச் சொன்னாள். "நாலு மாசம். என்னால போவ முடியாது. அக்காவுக்கு இது தெரிஞ்சுதான் இத்தினி நாளு சும்மாவே இருக்கேன் இருக்கேன்னு கத்திக்கினு கெடந்துச்சு. யாராவது போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

ஆயுசு முழுவதும் பயந்தவள், தான் பயந்ததிலேயே பெரிய பயத்தை நடுத்தெருவில் எடுத்துப் போட்டாள். சொல்லி முடித்ததும் பிள்ளை அப்போதே போய்விட்டதைப் போல முகம் வெளிறி உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்தும் நான் நகரவில்லை.

மூலை வீட்டுக் கதவு திறந்தது. தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம், ஒரு கையில் சொம்பும் மறு கையில் துணியுமாக, பட்டப்பகலில் தெருவில் நடந்து வந்தது. நாங்கள் எல்லோரும் தன்னால் தலையைக் குனிந்துகொண்டோம். சவுரியம்மாள் பக்கத்தில் வந்ததும் அந்த உருவம் நின்றது.

"உன்னைக் கூப்புடற ஆளு நானு. நீ இல்லேன்னா அடுத்த முறை என்னுது" என்றது. முனவ்வர் பேகத்தின் குரலை நாங்கள் கேட்டது அன்றுதான். மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். அப்படியே குனிந்து பட்டம்மாள் வீட்டுக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு ஆதிகேசவன் போனான், நானும் போனேன். பாயை நடுச்சுவரோரம் இழுத்துப் போட்டோம், தண்ணீர் கொடுத்தோம், மிளகுக் கஷாயம் வைத்தோம். மூன்று நாள் முன்னால் செய்திருந்தால் பலித்திருக்கும். மாலை வரை சவுரியம்மாள் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பட்டம்மாள் இந்தப் பக்கம் சுவரோடு வாயை வைத்து, மூச்சு கிடைத்தபோதெல்லாம் திட்டினாள். சோறு தின்னாத முண்டம் என்றாள், தெருவுக்கே தமுக்கடித்தவள் என்றாள். பொழுது சாய்ந்ததும் திட்டு நின்றுவிட்டது. அவளை அடக்கம் செய்ய, சாதி மதம் கேட்காமல் கூட்டத்தில் இருந்த எல்லா ஆண்களும் தோள் கொடுத்தோம்.

அந்த வாரம் நாங்கள் வேப்பமரத்தடியில் கூடினோம். சவுரியம்மாள்தான் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: "கொரலு வேணாம். கொரலு பொய் சொல்லும். இனிமே கதவத் தொறந்து மூஞ்சியக் காட்டணும்." அன்றிலிருந்து அதுதான் முறை. இன்னொன்றும் மாற்றினோம். உள்ளே போக முடியாதவர் முடியாது என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. ஜுரம் போயிற்று, கூட்டம் போகவில்லை. பிறகு அம்மை வந்தபோதும், பாலாறு பெருகி ஓரத்து வீடுகள் இடிந்தபோதும் அந்தக் கூட்டம்தான் நின்றது. காலையில் கதவைத் திறந்து எதிர் வீட்டுக்கு முகம் காட்டுவது இன்றும் எங்களுக்குப் பல் துலக்குவது மாதிரி.

சவுரியம்மாளின் பயத்துக்கு மட்டும் முறை கிடையாது. வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே, இதுவும் போய்விடுமே என்று மிச்ச மாசங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்பதை அந்தோணியைக் கேட்க வேண்டும். காவேரிப்பாக்கத்தில் தாயைப் புதைத்துவிட்டு வந்தவன், இங்கே பெண்டாட்டி பாயைவிட்டு எழாமல் கிடப்பதைப் பார்த்தான். தெருப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு சோறு கொண்டுபோனார்கள். அவள் ஒருத்தியிடமும் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் வலி எடுத்தது. மருத்துவச்சியோடு முனவ்வர் பேகமும் உள்ளே இருந்தார். வெளியே தெருவே நின்றது. அந்தோணி என் கையைப் பிடித்த பிடியில் விரல் மரத்துப் போயிற்று. வெகுநேரம் கழித்துப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. ஆதிகேசவன் துண்டை எடுத்து வீசினான். பெண்கள் சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

உள்ளே நடந்ததை மருத்துவச்சி பிறகு சொன்னாள். சவுரியம்மாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, திறக்கவே மாட்டேன் என்று கிடந்தாளாம். "பொண்ணு பொறந்துருக்குது, அழுவறது கேக்கல?" என்று முனவ்வர் பேகம் காதில் சொன்னாராம். "கேக்குது. கொரலு கேட்டு நம்ப மாட்டேன்" என்றாளாம். பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார்கள். கண்ணைத் திற, பார் என்று கெஞ்சினார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

சவுரியம்மாள் அலறிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு தன் கையைச் சூப்பிக்கொண்டிருந்தது.